மிஷினை நிறுத்தியவருக்கு என்ன ஆனது? எங்கள் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும்,

போன மாதம் ஒரே வாரத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தாள்கள் கீழே வந்தன. ஒன்று, பஞ்சிங் மிஷினுக்கு மேலே ஒட்டிய சுற்றறிக்கை. இந்த ஆண்டைப் ‘பணிப் பண்பாட்டு ஆண்டு’ என்று அறிவித்து, “பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்” என்று தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இன்னொன்று, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்குக் காண்டிராக்டர் வழியாக வந்த எச்சரிக்கைக் கடிதம். அனுமதியின்றி இயந்திரத்தை நிறுத்தி மூன்று மணி நேர உற்பத்தியை இழக்கச் செய்தார் என்று அதில் இருந்தது. இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, அவரை மிஷினிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி மடிக்கிற மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டையும் படித்தோம். இரண்டாவது தாளைத்தான் நம்பினோம்.

அந்தக் கடிதத்துக்கு ஆதாரமாக இணைக்கப்பட்ட அறிக்கையை எழுதியவன் நான். பேக்கிங்கில் ஷிப்ட் பொறுப்பாளர், இந்த மருந்து ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள். ‘அனுமதியின்றி’ என்ற சொல் என் பேனாவிலிருந்து வந்தது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி முறைப்படி மூன்று முறை எழுதினேன்: ஆலைத் தலைவருக்கு ஒன்று, மனிதவளப் பிரிவுக்கு ஒன்று, உங்களுக்கு நேரடியாக ஒன்று. பதில் வரவில்லை. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஆலையின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதவில்லை. இரண்டும் உங்களுக்குத் தெரியும். புதுச்சேரியில் மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் ஆலை நடத்துகிற மற்றவர்களும் இதைப் படித்தால் நல்லதுதான்.

அன்று என்ன நடந்தது என்பது அறிக்கையில் நான்கு வரிதான் இருக்கிறது. முழுதாகச் சொல்கிறேன்.

இரண்டாம் ஷிப்ட். மாலை ஆறே முக்கால் இருக்கும். மாத்திரைகளை ஸ்டிரிப்பில் அடைக்கிற ப்ளிஸ்டர் மிஷினில் பிரஷ் பெட்டியிலிருந்து மாத்திரைகள் குழிகளில் விழுந்து, மேலே ஃபாயில் ஒட்டுவதற்கு முன் சில அடி தூரம் திறந்தபடி போகும். அந்த இடத்தில் நின்று, காலிக் குழி இருக்கிறதா, உடைந்த மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அந்தப் பெண்ணின் வேலை. நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். இரண்டாவது மணி நேரத்திலேயே எல்லாக் குழியும் ஒன்றுபோல ஆகிவிடும். அவர் ஐந்து மணி நேரமாக நின்றிருந்தார். ஒரு குழியில் கிடந்த மாத்திரை கொஞ்சம் வெளிறியிருந்தது, மேலே பதித்த எழுத்தும் தெரியவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். “சார், இது நம்ம மாத்திரை மாதிரி இல்ல சார்.”

அதே மிஷினில் அன்று காலை சர்க்கரை நோய்க்கான மாத்திரை ஓடியது. மதியத்துக்கு மேல் ஓடியது ரத்த அழுத்தத்துக்கானது. இடையில் லைன் முழுவதையும் துடைத்து, பழைய மாத்திரை ஒன்றுகூட இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்ததை ஓட்டுவோம். அந்தக் கையெழுத்தும் என்னுடையது. அதையும் தாண்டி ஒரே ஒரு மாத்திரை எங்கேயாவது ஒளிந்திருந்து, தவறான ஸ்டிரிப்பில் போய்விட்டால், அதை விழுங்கப்போவது வில்லியனூரிலோ பண்ருட்டியிலோ இருக்கிற யாரோ ஒரு பெரியவர். சர்க்கரை இல்லாத உடம்பில் சர்க்கரை மாத்திரை போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தர உறுதிப் பிரிவிலிருந்து ஆள் வந்தார். கடைசியாகச் சரிபார்த்த நேரத்துக்குப் பிறகு கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்தோம். எடை பார்த்தார்கள், லேபுக்கு எடுத்துப் போனார்கள். ஒன்பதே முக்காலுக்கு முடிவு வந்தது. அது இந்த பேட்ச் மாத்திரைதான். பிரஷ் பெட்டியின் மூலையில் சிக்கி, உரசி உரசி மேல்பூச்சும் எழுத்தும் தேய்ந்து போயிருக்கிறது. “நல்லவேளை” என்று எல்லாரும் மூச்சு விட்டோம். பத்தே காலுக்குக் கிளம்ப வேண்டிய பெண்களின் வேன் அன்று பதினொன்றுக்குத்தான் கிளம்பியது. ஒருவர்கூட அவரைக் குறை சொல்லவில்லை.

மறுநாள் ஒன்பதரை மணி மீட்டிங்கில் “நல்லவேளை” என்ற சொல் வரவே இல்லை. திரையில் எங்கள் லைனின் கட்டம் சிவப்பாக இருந்தது. மிஷின் நின்ற நேரம் 185 நிமிடம். “யார் நிறுத்தச் சொன்னது?” என்று கேள்வி வந்தது. “நான்தான் சொன்னேன்” என்று சொல்லியிருக்கலாம். பொய்யாக இருந்தாலும் அதுவே நியாயமாக இருந்திருக்கும். “அவங்களே நிறுத்திட்டாங்க சார்” என்றேன். மாதம் இத்தனை நிமிடத்துக்கு மேல் மிஷின் நின்றால் ஷிப்ட் பொறுப்பாளரின் ஊக்கத்தொகையில் பிடிப்பார்கள். என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. என் கோழைத்தனத்துக்கு இது சாக்கு ஆகாது. ஆனால் என்னைப் போன்றவர்கள் ஏன் அப்படிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ள விரும்பினால், அந்த ஊக்கத்தொகைக் கணக்கிலிருந்துதான் நீங்கள் ஆரம்பிக்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் அவர் நினைத்தது தவறாகிவிட்டது, உண்மைதான். மிஷினை நிறுத்தியது சரி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் ஆலைக்குத் தெரியவில்லை. சந்தேகம் சரியாக இருந்தால் பாராட்டு, தவறாக இருந்தால் தண்டனை என்று வைத்தால், நூறு சதவீதம் உறுதியாகும் வரை எல்லாரும் காத்திருப்பார்கள். ஓடுகிற லைனில் உறுதியாகும் வரை காத்திருந்தால் அதற்குள் ஆயிரக்கணக்கான ஸ்டிரிப் பெட்டிக்குள் போய்விடும். எனவே ஒரு ஆலையின் குணத்தைத் தெரிந்துகொள்ள, அங்கே தவறாகச் சந்தேகப்பட்டவரை எப்படி நடத்தினார்கள் என்று பார்த்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

அவரை மாற்றிய பிறகு அந்த இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனை நிறுத்தினார்கள். கெட்டிக்காரப் பையன், தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் நடந்தது முழுவதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் ஒருநாளும் சிவப்புப் பொத்தானைத் தொடவில்லை. அவன் மட்டுமல்ல, அந்த நாளுக்குப் பிறகு எங்கள் பிரிவில் நான்கு லைனிலும் ஒருவரும் தொடவில்லை. திரையில் கட்டங்கள் எல்லாம் பச்சையாயின. மேலே இருந்து பார்த்தால் முன்னேற்றம் போலத்தான் தெரிந்திருக்கும்.

மூன்றாவது வாரம் தற்செயலாக லாக்புக்கைப் புரட்டினேன். ஃபாயிலைச் சூட்டில் ஒட்டுகிற சீலிங் ரோலரின் வெப்பநிலையை அரை மணிக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். ஒரு ஷிப்ட் முழுவதும் ஒரே எண். பக்கத்தில் இன்னொரு ஷிப்ட், அங்கேயும் அதே எண், ஒரே பேனா, ஒரே அழுத்தம், உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் எழுதியது. வெப்பநிலை அன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது என்று ஆபரேட்டருக்குத் தெரியும். எழுதினால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் கடிதம் வரும். அந்த ஸ்டிரிப்களை நீலத் தண்ணீரில் மூழ்கவைத்து லீக் டெஸ்ட் பார்த்தபோது, குழிக்குள் நீலம் இறங்கியிருந்தது, அதாவது ஃபாயில் சரியாக ஒட்டவில்லை. சரக்கு ஆலையை விட்டுப் போகும் முன் பிடித்துவிட்டோம். பிரித்து மறுபடி கட்ட மூன்று நாள் ஆனது. 185 நிமிடத்துக்குக் கடிதம் கொடுத்தீர்கள். இந்த மூன்று நாளுக்கு யாருக்கும் கடிதம் போகவில்லை, ஏனென்றால் எழுத்தில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை.

ஐயா, பண்பாடு என்ற சொல் சுற்றறிக்கையில் இருக்கிறது. கீழே எங்கள் பேச்சில் அதற்கு வேறு பெயர்: “இங்க இப்படித்தான்.” புதிதாக வரும் பெண்ணுக்கு முதல் வாரமே பக்கத்தில் நிற்கிற அக்கா சொல்லிக் கொடுத்துவிடுவார். இந்த நோட்டில் இப்படி எழுதணும், அந்தச் சாரிடம் இதைச் சொல்லக் கூடாது, கையுறை கிழிந்தால் கேட்காதே, நீயே டேப் ஒட்டிக்கொள், இங்க இப்படித்தான்மா. வேலைக்குச் சேரும்போது தருகிற பயிற்சிக் கையேட்டில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஆலை ஓடுவது இதன்படிதான்.

நிறுவனப் பண்பாட்டை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த எட்கர் ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை மூன்று அடுக்காகப் பிரித்தார். கண்ணுக்குத் தெரிகிற கட்டடம், சீருடை, போஸ்டர் ஒன்று. வாயால் சொல்கிற கொள்கை இரண்டாவது. யாரும் சொல்லாமலே எல்லாரும் உண்மை என்று எடுத்துக்கொள்கிற நம்பிக்கை மூன்றாவது. மேல் இரண்டை மட்டும் பார்த்து ஒரு இடத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர் வாதம். தலைவர்கள் அந்த அடி அடுக்கை எதனால் வார்க்கிறார்கள் என்பதற்கும் அவர் பட்டியல் வைத்திருந்தார். தினமும் எதைக் கேட்கிறார்கள், எதை அளக்கிறார்கள், நெருக்கடி வந்தால் எப்படி நடந்துகொள்கிறார்கள், யாருக்கு வெகுமதி, யாரை வெளியே அனுப்புகிறார்கள் என்று போகும் அது. கொள்கை வாசகங்களை அவர் இரண்டாம்பட்சமாகத்தான் வைத்தார்.

இதைப் படித்தபோது ஒன்பதரை மணி மீட்டிங்தான் எனக்கு ஞாபகம் வந்தது. முதல் கேள்வி எப்போதும் “நேத்து எவ்வளவு போச்சு?” என்பதுதான். அந்தக் கேள்வி ஆலைத் தலைவரிடமிருந்து மேலாளருக்கு, மேலாளரிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து ஆபரேட்டருக்கு என்று இறங்கி வருகிறது. இறங்க இறங்க அதன் குரல் உயர்கிறது. “நேத்து யாராவது எதையாவது கவனிச்சாங்களா?” என்று இந்தப் பத்தொன்பது ஆண்டில் ஒரு நாள்கூட யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதுவும் இதே வேகத்தில் கீழே வந்திருக்கும்.

கருத்துக் கணிப்பு நடத்தினோமே என்று மனிதவளப் பிரிவு சொல்லும். நடத்தினீர்கள், செல்போன் செயலியில். பெயர் கேட்கமாட்டோம் என்றீர்கள், ஆனால் உள்ளே நுழையப் பணியாளர் எண்ணைத் தட்ட வேண்டியிருந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் ஏறக்குறைய எல்லாரும் ‘மிக்க திருப்தி’ என்று அழுத்தினோம். நானும்தான். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நம் ஆலையின் பணியாளர் எண்ணே கிடையாது, அதனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. பேக்கிங்கில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தது தெரிந்தது. அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் சொல்லியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் மறைத்திருக்கிறார்கள். நம் திரையின் பச்சைக் கட்டங்களையும் கணிப்பின் முடிவையும் அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

நீங்கள் ஆலைக்கு வராமலில்லை. வருகிறீர்கள். ஆனால் உங்கள் கார் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே செக்யூரிட்டியிலிருந்து போன் வந்துவிடும். தரையைத் துடைப்போம். புதுக் கையுறை தருவார்கள். பதினாறு மணி நேரம் தொடர்ந்து நின்றவர்களை ஓய்வறைக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களோடு எட்டுப் பேர் வருவார்கள். நீங்கள் ஒரு தொழிலாளியிடம் “எப்படிம்மா இருக்கு வேலை?” என்று அன்பாகத்தான் கேட்பீர்கள். எட்டுப் பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். “நல்லா இருக்கு சார்” என்று சொல்லாமல் அவர் வேறு என்ன சொல்ல முடியும்?

உங்களுக்கு மனமில்லை என்று நான் நினைக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. ஞாயிறு காலை கீழ்த்தள ஸ்டோரில் முழங்கால் அளவு தண்ணீர். நீங்கள் தனியாக, பேண்ட்டை மடித்துக்கொண்டு வந்தீர்கள். எங்களோடு நின்று ஃபாயில் ரோல்களைத் தோளில் தூக்கினீர்கள். ஒரு ரோல் கைதவறித் தண்ணீரில் விழுந்தபோது, தூக்கிய பையன் நடுங்கிப் போனான். “விடுப்பா, உனக்கு அடிபடலயே?” என்று கேட்டீர்கள். தண்ணீரால் வர முடியாதவர்களுக்கும், ஒப்பந்தக்காரர்கள் உட்பட, அந்த வாரச் சம்பளத்தைக் கொடுக்கச் சொன்னீர்கள். அதற்கப்புறம் ஆறேழு மாதம் எங்கள் பிரிவில் ஆட்கள் வேறு மாதிரி இருந்தார்கள். பழுது வந்தால் வந்து சொன்னார்கள். நான் சொல்வது மிகையில்லை, அந்த மாதங்களின் லாக்புக்கை எடுத்துப் பாருங்கள், எண்கள் ஏறியும் இறங்கியும் உண்மையாக இருக்கும். அன்று நீங்கள் பண்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் எல்லாருக்கும் அது புரிந்தது.

“அடிபடலயே?” என்ற அந்த ஒரு கேள்வி சம்பாதித்ததை இந்த ஒரு கடிதம் செலவழித்துவிட்டது. அதுதான் என் கோபம்.

மாற்ற முடியாது, ஆட்கள் அப்படி என்று சொல்பவர்கள் உங்கள் பக்கத்தில் இருப்பார்கள். “இந்தக் காண்டிராக்ட் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல சார்” என்பதை நானே மீட்டிங்கில் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு கார் ஆலையின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு ஆலை நடத்தியது. அந்நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயர். எந்த நாளும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். என்ன ஆனாலும் லைனை நிறுத்தக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். குறையோடு போகிற காரைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து அதையே திறந்தார்கள். எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், தொழிற்சங்கமும் அதேதான். லைனுக்கு மேலே ஒரு கயிறு கட்டினார்கள். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத் தலைவர் ஓடி வருவார், திட்டுவதற்கு இல்லை, என்ன உதவி வேண்டும் என்று கேட்பதற்கு. கொஞ்ச காலத்தில் வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இருபதிலிருந்து இரண்டாகக் குறைந்தார்கள். அந்த ஆலையின் கார்கள் தரத்தில் ஜப்பானோடு போட்டி போட்டன.

நம் மிஷினிலும் கயிறு இருக்கிறது. சிவப்பாக, பொத்தானாக இருக்கிறது. ஓடி வர வேண்டிய ஆள் நான். நானும் ஓடித்தான் வந்தேன், மறுநாள் காலைதான் பின்வாங்கினேன்.

வேலையிடத்தில் குரல் எழுப்புவதன் விலை என்ன என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் தாத்தா புதுச்சேரி சவானா பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்துறை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்த நாளைப் பற்றித் தாத்தா அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒவ்வொரு ஜூலை 30-ம் குளித்துவிட்டுக் காலையிலேயே கிளம்பிப் போய் இறந்தவர்களுக்கு மாலை போட்டுவிட்டு வருவார். சிறுவயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன். அந்தப் பேரன்தான் ‘அனுமதியின்றி’ என்று எழுதினேன்.

நம் துறை மருந்துத் துறை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது, கேண்டீன் டிவிக்கு முன்னால் கையைச் சாப்பாட்டில் வைத்தபடி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அந்த மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில், நம்மைப் போன்ற ஆட்கள் வேலை செய்கிற ஒரு இடத்தில். அன்று நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் இரண்டு வரிசையும் ஒன்றுபோல வாயடைத்துப் போயிருந்தது. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, உடனடி ஆபத்து வரும் என்று நினைக்கும் தொழிலாளி எச்சரிப்பதை ஓர் உரிமையாகவே எழுதி வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு வந்த பிரிவு அது. தொழிலாளியின் உயிருக்கு அந்த மரியாதை என்றால், மாத்திரை விழுங்கப்போகிறவரின் உயிருக்காகக் கூப்பிட்டவருக்கும் அதே மரியாதை வேண்டும்.

கேண்டீன் வரிசை பற்றிச் சொன்னேன். நிரந்தரத் தொழிலாளர்களின் நீலப் பட்டை அடையாள அட்டை ஒரு வரிசை, ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஆரஞ்சுப் பட்டை இன்னொரு வரிசை. நீல வரிசைக்குத் தயிர் உண்டு. ஒரு கிண்ணத் தயிரில் எவ்வளவு மிச்சமாகிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு மேஜை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது தினமும் என்ன சொல்கிறது என்று தெரியும். ‘இது உன் ஆலை, தவறு கண்டால் சொல்’ என்று காலையில் சொல்லிவிட்டு மதியம் தயிரை எடுத்துவிட்டால் அவர் எதை நம்புவார்? ஆயுத பூஜை அன்று மட்டும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பொரியும் கடலையும் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிடுகிறோம். அன்று யாரும் பட்டையைப் பார்ப்பதில்லை. ஆலைக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.

இனி என் கோரிக்கைகள்.

அந்த எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். பிடித்த இரண்டு நாள் சம்பளத்தைக் கொடுத்து, அவர் விரும்பினால் பழைய இடத்திலேயே வேலை கொடுங்கள். இதை அறைக்குள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். கடிதம் கொடுத்த செய்தி எல்லாருக்கும் தெரியும், திரும்பப் பெற்றதும் எல்லாருக்கும் தெரிய வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது இரண்டு ஷிப்ட் ஆட்களும் இருப்பார்கள். அப்போது நீங்களே வந்து சொல்லுங்கள். மிஷினை நிறுத்தியது சரி என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். அந்தக் கூட்டத்தில் அறிக்கை எழுதியவன் நான்தான் என்று சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கும் இரண்டு நிமிடம் வேண்டும்.

தரச் சந்தேகத்துக்காக மிஷின் நின்ற நேரத்தை ஷிப்ட் பொறுப்பாளர், ஆபரேட்டர் ஊக்கத்தொகைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். என்னிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்டால் இதைத்தான் கேட்பேன். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும், அடுத்த முறை என் இடத்தில் இருப்பவர் நான் பேசியதையே பேசுவார். இந்த வசதியை வைத்து யாராவது வேண்டுமென்றே மிஷினை நிறுத்தினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைப்போம், மாதம் ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள்.

ஷிப்ட் மாறும்போது முன்பு பத்து நிமிடம் நின்று பேசுவோம். என்ன பழுது, எந்த மிஷின் தொல்லை கொடுக்கிறது என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போவார். நேரம் வீணாகிறது என்று அதை நிறுத்திச் செயலியில் பதிவிடச் சொன்னீர்கள். அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதற்கும் சம்பளத்தோடு.

பாதுகாப்புக் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளர் இருவர் இருக்க வேண்டும், அவர்களை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவராவது தமிழ் தெரியாத வெளிமாநிலத்தவராக இருக்கட்டும். கேண்டீனில் ஒரே வரிசை.

மாதம் ஒருமுறை, சொல்லாமல், தனியாக வாருங்கள். காலை ஐந்து மணி நல்ல நேரம், நைட் ஷிப்ட் முடிகிற களைப்பில் யாரும் நடிக்கமாட்டார்கள். பொதுவாக “எப்படி இருக்கிறது?” என்று கேட்காதீர்கள். கடைசியாக மிஷினை நிறுத்தியது யார், அவருக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவரிடம், முதல் வாரம் யார் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள். அப்புறம் ஒரு லாக்புக்கை எடுத்துப் புரட்டுங்கள்.

மேலாளர்களுக்குக் கடற்கரை விடுதியில் இரண்டு நாள் பண்பாட்டுப் பயிற்சி என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. அதை ரத்து செய்யச் சொல்லவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு மேலாளரும் ஒரு முழு ஷிப்ட் ப்ளிஸ்டர் மிஷின் முன்னால், அந்தப் பெண் நின்ற அதே இடத்தில் நின்று குழிகளைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் இந்த மாத இறுதியோடு முடிகிறது. புதுப்பிக்கும் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று கேள்விப்பட்டேன். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பேக்கிங் பிரிவு ஷிப்ட் பொறுப்பாளர்,
புதுச்சேரி